பீஸ் கட்டை

முக்கூடல் ரோட்டில், மருமகன் காரில்,
அந்தப் பாட்டு நிற்கும் இடத்தில்
என் வலது கை தானாக மூடிக்கொண்டது.

"இப்படி முடிக்க ஒரு தைரியம் வேணும் மாமா,"
என்றார் அவர்.
"இருபத்தாறு வருசம் கெடந்த கேசட்டு.
நம்ம ஊர்ப் பையங்கதான், ஈரடுக்குன்னு பேரு.
கடைசியில குரல் எப்படி மேல போவுது பாத்தீங்களா?
போயி, அப்படியே இல்லாம ஆயிருது."

பார்த்தேன்.
வேறெதுவும் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழு. ஆனித் தேர் நிலைக்கு வந்த மறுநாள்.
ரத வீதிகளில் குழாய் ஒலிபெருக்கிகளை
அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
அந்த அமைதிக்காகத்தான் அவர்களும் காத்திருந்திருப்பார்கள்.
தச்சநல்லூர்ப் பருத்தி குடோன், மூன்று பில் பாக்கி,
என் லிஸ்டில் ஏழாவது.
அதற்குப் பிறகு இன்னும் பதினோரு வீடு.

மீட்டர் பெட்டி வெளிச்சுவரில். யாரையும் கேட்க வேண்டாம்.
இருந்தாலும் நின்றேன்.
தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுகிற மாதிரி உள்ளே சத்தம்,
அதற்கு நடுவே ஒருவன்
"ஏலே, ஏலே" என்று
யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.
பிடித்திருந்தது என்று சொன்னால் பொய்.
பாதியில் பிடுங்க மனசில்லை, அவ்வளவுதான்.
சைக்கிளைச் சாத்திவிட்டு
செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கியபடி
முடியட்டும் என்று இருந்தேன்.

முடிந்தது.
ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.
மேற்கே எங்கோ சாரல் விழுந்த காற்று.
கட்டையைப் பிடுங்கினேன்.

முடியவில்லை என்பது காரில்தான் தெரிந்தது.
அந்த மௌனத்துக்குள்
குச்சிகள் நாலு தடவை தட்டிக்கொள்கின்றன;
சுவருக்கு இந்தப் பக்கம் அது கேட்கவே இல்லை.
பிறகு அவன் "வர" என்கிறான்.
அங்கேதான் நான்.

ரேடியோ ரிப்பேர் காஜா முகைதீனிடம்
வேறு யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டேன்.
"மோட்டார் சாவும்போது டேப் மெதுவா ஓடும்வே.
மெதுவா எழுதுனத வேகமாப் படிச்சா
எழும்பித்தான கேக்கும்?"
பையன்கள் ரிங்டோனாக வைத்திருக்கும் அந்த உச்சம்
கரண்டு செத்த அரை நொடி.
பாடியவன் அவ்வளவு உயரம் போனவனே இல்லை.

"வர"வுக்கு வால் எது என்று இப்போது சண்டை.
மருமகனுக்கு அது வரமாட்டேன்.
மகளோ வரட்டா என்கிறாள்.
வரல, வரலாம் என்றும் கட்சிகள் உண்டு.
பாடிய செல்வின் தம்மாமில் கிரேன் ஓட்டுகிறாராம்.
அதற்கு மேல் எழுதியிருக்கவில்லை,
வாயில் வந்ததைப் பாடலாம்னு இருந்தேன்
என்று பேட்டியில் சிரிக்கிறார்.
கேசட்டைத் தையல் மெஷின் டிராயரில்
பாபின்களுக்கு அடியில் கண்டெடுத்த கிட்டார் பிரமநாயகம்,
"கரண்டு போயிட்டு," என்றார்.
மழை வந்துட்டு என்பதுபோல.
போக்கியவன் ஒருவன் இருப்பான் என்று
யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் பாக்கியைக் கட்டிவிட்டார்கள்.
ரசீதோடு வந்த பையனின் பின்பாக்கெட்டில்
டிரம்ஸ் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.
இன்னொன்று எங்கே என்று நான் கேட்கவில்லை.
கட்டையைச் செருகிவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக,
உள்ளே போய்ப் பார்த்தேன்.
வாடகை வாத்தியங்கள் போய்விட்டிருந்தன.
தரையில் கிடந்த பஞ்சு கால் விரல்களில் ஒட்டியது.
உத்திரத்தில் ஒரே ஒரு குண்டு பல்பு.

"எரியுது அண்ணாச்சி," என்றான்.
எரிவதை இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.
பிறகு அவனே அணைத்தான்.